குறிஞ்சாக்கேணிக்குச் சுற்றுப்பாதை

மட்டக்களப்புப் பக்கத்தில் ‘பாதை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நடந்து போகிற வழி ஒன்று. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற தட்டைப் படகு மற்றது. “பாதை வந்திட்டுது, ஏறுங்க” என்று யாராவது கூப்பிட்டால் வெளியூர்க்காரர் விழிப்பார்கள். எழுபதுகளில் அப்பாவோடு திருகோணமலைக்குப் போனபோதெல்லாம் கரையோர வீதியில் ஒரு பாதையால் இறங்கி இன்னொன்றில் ஏறித்தான் போனோம். பஸ்ஸில் இருந்த நேரத்தைவிடப் பாதைக்காகக் காத்துநின்ற நேரம்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

இப்போது ஏ-15 வீதியில் காத்து நிற்க எதுவுமில்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி உதவியோடு கட்டிய, 396 மீற்றர் நீளமான பாலம். 2011க்குள் உப்பாறு, கங்கை எல்லாவற்றுக்கும் பாலம் வந்துவிட்டது. 2023 மே மாதத்தில் ஒரு காலை மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். காயங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணிகளாக வரும் இந்தக் கரையில் எனக்கு வேண்டியது கடைசிக் கேணி. வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர். பகல் ஏறுவதற்குள் கிண்ணியாவில் இறங்கிவிட்டேன்.

“குறிஞ்சாக்கேணிக்குப் போகணும் தம்பி.”

முச்சக்கரவண்டிக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். “சுத்தித்தான் போகணும் சேர். பாலம் இன்னும் முடியல்ல.”

குறிஞ்சாக்கேணிப் பாலம் ஏன் முடியவில்லை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. 2022இல் நாட்டில் எந்தக் கட்டுமானம்தான் முடிந்தது? ஆனால் இந்தப் பாலத்தின் கதை பொருளாதார நெருக்கடிக்கு முந்தியது. புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் களப்பைக் கடக்க மக்களுக்கு வாய்த்தது ஒரு படகுப் பாதை. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு வைத்தியசாலையிலும் உயிர் போனது. இறந்தவர்களில் அதிகம் பேர் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள். கொரோனாவுக்காக மாதக்கணக்கில் மூடிக்கிடந்த பாடசாலைகளைக் கட்டங்கட்டமாகத் திறந்து, ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையான வகுப்புகளையும் திறந்ததற்கு மறுநாள் அது.

முடியாத பாலத்தையும் நின்றுபோன படிப்பையும் ஒன்றோடொன்று வைத்து எழுதலாம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்திருந்தேன். ஆழமில்லாததுபோல் கிடந்த அந்த நீரைப் பார்த்தபின் மனம் வரவில்லை. பிள்ளைகள் மூழ்கிய இடத்தை உவமையாக்க முடியாது. முச்சக்கரவண்டிக்காரரும் அவ்விடத்தில் ஒன்றும் பேசவில்லை. வண்டியை நிறுத்தவுமில்லை, கொஞ்சம் மெதுவாக்கினார், அவ்வளவுதான்.

நான் போனது ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு. மட்டக்களப்பில் ஒரு நூல் வெளியீட்டில் பழக்கமானவர். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார், ஊரைப் போல நானும் ‘சேர்’ என்றே எழுதுகிறேன். படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளுக்கு அவர் வீட்டு விறாந்தையில் இரவில் வகுப்பு நடக்கிறது. ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. “வாறதெண்டா இப்ப வாங்க, பிறகு வந்தா வெறும் விறாந்தையத்தான் பார்ப்பீங்க” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

பகல் சாப்பாட்டுக்குக் குறிஞ்சா இலைச் சுண்டல் இருந்தது. பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு அரைப்பதமாக வாட்டியது. வேலியில் படர்கிற கொடி. சீனி வருத்தக்காரருக்கு நல்லதென்று கிழக்கில் எல்லா வீட்டிலும் தின்பார்கள். ஊரின் பெயரே இந்தக் கொடியால் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். சாப்பிட்ட கையோடு சேரின் மனைவி வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். வாயில் போட்டால் மண். இனிப்பே இல்லை. குறிஞ்சா நாக்கில் இருக்கும்வரை சீனி தெரியாது என்பதை மறந்துவிட்டேன். சேர் சிரித்தார்.

“குறிஞ்சா திண்டுட்டு எழுதுங்க. இந்த விசயத்த இனிப்பா எழுதிறவங்கதான் கூட.”

அவர் சொன்னது புரிந்தது. ‘இரண்டாவது வாய்ப்பு’ என்ற சொல்லே கொஞ்சம் இனிப்பானது. அறிக்கைகளில் அது வருகிறபோது பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு பையனின் படமும் இருக்கும். அரசாங்கத் தாள்களில் இதற்கு முந்திய சொல் ‘இடைவிலகல்’. பிள்ளை தானாக விலகிப் போனதைப்போல ஒரு தொனி அதில். கிண்ணியாவில் அன்று முழுக்க நான் கேட்ட சொல் வேறு. தாய்மார் “படிப்ப நிப்பாட்டிட்டம்” என்றார்கள். பையன்கள் “நிண்டுட்டன்” என்றார்கள். ஒரே சங்கதிக்கு இரண்டு வினை. நிப்பாட்டினோம் என்று பெரியவர்கள் பொறுப்பை ஏற்கிறார்கள். நின்றுவிட்டேன் என்று பிள்ளைகளும் ஏற்கிறார்கள். இரண்டு பேருமே பொறுப்பேற்கும்போது மூன்றாவதாக ஒருவரும் இல்லையா என்று எனக்குத் தோன்றியது.

சேரின் மாணவர்களில் ஒருவன் வெள்ளிக்கிழமை வேலை இல்லாததால் பின்னேரமே வந்திருந்தான். மேசனுக்குக் கையாளாகப் போகிறவன். சுனாமிக்கு அடுத்த ஆண்டில் பிறந்தவன். அந்தச் சுனாமி கிண்ணியா ஆஸ்பத்திரியையே அடித்துக்கொண்டு போனது. அவன் வயதை நாட்டின் நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவிப் பலர் இறந்தபோது இங்கே பாடசாலைகளை மூடினார்கள். 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுக்க மூடினார்கள். 2020 மார்ச்சில் கொரோனா. அப்போது அவன் பத்தாம் தரம். அவனுடைய வகுப்பார் 2021இல் எழுதியிருக்க வேண்டிய ஓ.எல். பரீட்சை நடந்தது 2022 மே கடைசியில், பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த நாட்களில். அதற்கடுத்த மாதங்களில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளை மறுபடி மூடினார்கள்.

“ஸூம் வகுப்பு நடந்திச்சுதானே?”

“வீட்ல ஒரு போன்தான் சேர். அது வாப்பாட. வாப்பா வேலைக்குப் போனா போனும் போயிரும்.”

வாப்பாவோடு அவனும் வேலைக்குப் போகத் தொடங்கினான். பாடசாலை திறந்தபோது அவன் நாட்கூலி வாங்குகிற ஆள். திரும்பிப் போக நினைக்கவில்லையா என்றேன். நினைத்தானாம். வெள்ளைக் களிசானை எடுத்துப் போட்டுப் பார்த்தானாம். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. சீருடைத் துணி அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, தையற்கூலி தருவதில்லை. அந்த வாரம் தையற்கூலிக்குக் காசில்லை. அடுத்த வாரம் காசிருந்தது, ஆனால் அதற்குள் ‘வெக்கம்’ வந்துவிட்டது. “ஒரு கிழமை போகாட்டிக் கேப்பாங்க. ஒரு மாசம் போகாட்டி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க சேர்.”

கேட்கவென்று ஓர் ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. இலங்கையில் கல்வி 1945இலிருந்து இலவசம். அதைக் கொண்டுவந்த கன்னங்கராவின் பெயரைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி 1997இல்தான் வந்தது, 5 வயது முதல் 14 வரைக்கும். 2016இல் அதை 16 ஆக்கினார்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவு தோறும் குழு, வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விக்கென்று உத்தியோகத்தர், எழுத்தறிவு நிலையம், சமுதாயக் கற்றல் நிலையம், மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலை. தாளில் குறையில்லை. ஆனால் பதினாறு முடிந்த அன்றோடு சட்டம் அவனைத் தேடுவதை விட்டுவிடுகிறது. ‘நின்றவர்கள்’ திரும்ப வேண்டும் என்று நினைக்கத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். நாட்கூலியில் முதுகு நோகத் தொடங்கிய பிறகு, அல்லது மத்திய கிழக்கு வேலை முகவர் ‘சேட்டிபிக்கட்’ கேட்ட பிறகு.

சேர் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். வரவு செலவு எல்லாம் அதில். நான் கேட்டதும் தயங்காமல் நீட்டினார். கடந்தகால வினாத்தாள் பிரதி, வெண்கட்டி, மின்குமிழ், நுளம்புத்திரி, பணிஸ், தேத்தண்ணிக்குச் சீனி. நுளம்புத்திரிக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி இருந்தது. டெங்கைக் கண்ட ஊர். பிறகு, தனிப்பட்ட பரீட்சார்த்தி ஒருவருக்குப் பரீட்சைக் கட்டணம். பாடசாலைப் பிள்ளைக்கு அது கிடையாது, நின்றவனுக்கு உண்டு. அடையாள அட்டைக்குப் படம். பாடசாலையில் இருப்பவனுக்கு அதிபரே விண்ணப்பத்தை அனுப்பிவைப்பார். நின்றவன் பிறப்புச் சான்றிதழைத் தேடியெடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் போய், கூலி இல்லாத ஒரு பகலைக் கொடுத்து வாங்க வேண்டும். அட்டை இல்லாமல் மண்டபத்துக்குள் போக முடியாது. பரீட்சை விண்ணப்பம் இணையத்தில். அதைச் சேரின் பேத்தி தன் போனில் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். வரவுப் பக்கம் சின்னது. கட்டாரில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன், பள்ளிவாசல் நிர்வாகம், பிரதி எடுக்கும் கடைக்காரர்.

ஆதரவு, ஆதரவு என்று நாம் பேசுவது எதை? எனக்கு அந்தக் கொப்பிதான் பதில் சொன்னது. ஒரு முறை கொழும்பிலிருந்து ஒரு குழு வந்ததாம். பெனர் கட்டி, படம் எடுத்து, எல்லாருக்கும் புத்தகப்பை கொடுத்துவிட்டுப் போனார்கள். நீல நிறம், கார்ட்டூன் படம் போட்டது. மேசனுக்குக் கையாளாகப் போகிற பையன் அதில் சோற்றுப் பார்சலும் மாற்றுச் சேட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான். “பிழை சொல்லேலா, பாவிக்கிறான்தானே” என்றார் சேர்.

‘இரண்டாவது வாய்ப்புப் பாடசாலை’ என்ற பெயரிலேயே ஒன்று தொடங்கியது இன்னொரு துறைமுக நகரத்தில். பிரான்சின் மார்செய். ஐரோப்பிய ஆணையத்தில் இருந்த எடித் கிரெசோன் 1995இல் ஒரு வெள்ளை அறிக்கையில் முன்மொழிந்தார். 1997இல் மார்செயில் முதலாவது பாடசாலை திறந்தது, பழைய கசாப்புத் தொட்டி ஒன்றின் கட்டடத்தில். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுவரை உள்ளவர்களை எடுத்தார்கள். எனக்குப் பிடித்த சங்கதி, அவர்கள் பழைய பாடசாலையை மறுபடி நடத்தவில்லை. மணி இல்லை, ஆண்டு வகுப்பு இல்லை. கொஞ்சநாள் எழுத்தும் கணக்கும், கொஞ்சநாள் ஒரு தொழிலகத்தில் பயிற்சி, மாறிமாறி. ஒருமுறை துப்பிய உணவையே சூடாக்கி நீட்டக்கூடாது என்ற புத்தி அது.

இதைச் சேரிடம் உற்சாகமாகச் சொன்னேன். கூடவே, நம்மிடமும் அப்படியொரு வழி இருக்கிறதே என்றேன். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமை ஏழு படி கொண்டது. முதல் நான்கு சான்றிதழ், பிறகு டிப்ளோமா, ஏழாவது பட்டம். இரத்மலானையில் அதற்கென்று ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. வகுப்புக்கே போகாமல், செய்து பழகிய வேலையை மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கிற முன்கற்றல் அங்கீகாரமும் உண்டு. இந்தப் பையன் மூன்று வருடமாகச் செங்கல் தூக்குகிறான், இன்னும் கொஞ்சம் பழகினால் மேசன் வேலைக்கே சான்றிதழ் எடுத்துவிடலாம். வரலாறும் விஞ்ஞானமும் இவனுக்கு எதற்கு? ஒன்பது பாடத்தையும் கட்டிக்கொண்டு அழுவானேன்?

சேர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உங்கட மகன் என்ன படிக்கிறார்?” என்றார்.

பேராதனையில் பொறியியல் என்றேன்.

“அவர் ஓ.எல்.ல கணக்குல விட்டிருந்தா, மேசன் வேலைக்குப் போகச் சொல்லியிருப்பீங்களா? இல்லாட்டி இன்னொருக்கா எழுதச் சொல்லியிருப்பீங்களா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கோபமாகவும் கேட்கவில்லை. தொழிற் சான்றிதழுக்கு அவர் எதிரியும் இல்லை, இரண்டு பேரை அவரே தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார். ஆனால் வறிய பிள்ளைக்கு மட்டும் நாம் உடனே தொழிலைக் கைகாட்டுகிறோம் என்பது அவர் கட்சி. “அவனுக்கு எது வேணுமெண்டு அவன்தானே செல்லணும். எங்கட வேலை ரெண்டு கதவையும் திறந்து வெக்கிறது” என்றார். ஏ.எல். எனும் உயர்தரம் படிக்கத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி வேண்டும், அதில் மூன்று திறமைச் சித்தி. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய ‘13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி’, ஓ.எல். சித்தி இல்லாதவரையும் தொழிற் பிரிவில் சேர்த்துக்கொள்கிறது. நல்லதுதான். ஆனால் அதுவும் பதினோராம் தரத்து வாங்கில் கடைசிவரை இருந்தவனுக்கு. பத்தாம் தரத்தில் களிசான் கட்டையாகிப் போனவனுக்கு அல்ல.

அன்று நான் மார்செயைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

அஸர்த் தொழுகைக்குப் பிறகு பெண்பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். இரவில் அவர்களை அனுப்ப வீட்டார் விரும்பவில்லை, அதனால் நேரம் வேறு, இடம் சேரின் மனைவியின் அறை. அவர் முன்னாள் ஆங்கில ஆசிரியை. விறாந்தை வகுப்பைப் பற்றி ஊரில் பேசுகிற அளவு இந்த அறை வகுப்பைப் பற்றிப் பேசுவதில்லை, அதுதான் நல்லது என்று அவர் நினைக்கிறார். ஒரு பெண்ணின் உம்மா வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போனபோது தம்பிமாரைப் பார்க்க என்று படிப்பை நிப்பாட்டியவர். இன்னொருத்தி கல்யாணத்தோடு நின்றவர், மடியில் குழந்தையோடுதான் வந்தார். முன்பள்ளியில் ஆசிரியையாகச் சேர விருப்பமாம், ஓ.எல். இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். “குழந்த அழுதா என்ன செய்வீங்க?” என்றேன், முட்டாள்தனமாக. “டீச்சர் தூக்கிக்குவாங்க” என்றார். உண்மையில் அப்போதும் டீச்சர்தான் தூக்கி வைத்திருந்தார். ஒரு கையில் குழந்தை, மறுகையில் சிவப்புப் பேனை.

இரவு இஷாத் தொழுகை முடிந்து ஒவ்வொருவராக விறாந்தைக்கு வந்தார்கள். ஆறு பேர். சீமெந்துத் தூள் முடியில் ஒட்டியபடி ஒருவன், மீன் மணத்தோடு ஒருவன், முச்சக்கரவண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஒருவர். அவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. காலையில் என்னைக் கொண்டுவந்து இறக்கியவர். ஒரு சொல் சொல்லவில்லையே என்று பார்த்தேன். கூச்சத்தோடு சிரித்தார். இருபத்துநாலு வயது, இரண்டாவது தரம் எழுதுகிறாராம். கணிதம் மட்டும்.

விறாந்தையில் கதிரை இல்லை, பாய். கரும்பலகை ஒரு பழைய கதவு, கறுப்பு மை பூசியது. கையாள் பையன் நுளம்புத்திரியைப் பற்றவைத்துச் சுவரோரம் வைத்தான், அது அவன் பொறுப்புப் போலிருக்கிறது. சேர் முதலில் யாரார் சாப்பிட்டுவிட்டு வந்தது என்று கேட்டார். இரண்டு பேர் பேசாமல் இருந்தார்கள். உள்ளேயிருந்து பணிஸ் வந்தது. பணிஸ் முடியும்வரை கணக்கு தொடங்கவில்லை.

அன்றைக்கு வேகம், தூரம், நேரம். சேர் பிரதியெடுத்த ஒரு வினாத்தாளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். ஒரு லொறி இவ்வளவு தூரத்தை இவ்வளவு நேரத்தில் கடக்கிறது, திரும்பி வரும்போது இவ்வளவு நேரம் எடுக்கிறது, சராசரி வேகம் என்ன? எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். பென்சில் சத்தமும் தூரத்தில் கடலும். முச்சக்கரவண்டிக்காரர் மட்டும் எழுதாமல் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர், இதுல படகு எண்டுதானே போட்டிரிக்கி?”

சேர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவரைப் பார்க்கவுமில்லை.

“லொறி எண்டு எழுதுங்க மகன்.”